வெள்ளைக் காயினில் மார்க் போட்டவர்

ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஐஸ் உடைக்கும் கிடங்கு ஒன்றின் மாடியில் ஒரு கேரம் மன்றம் இருக்கிறது. கீழே ஐஸ் பாளங்கள் எந்திரத்துக்குள் போய்த் தூளாகும்போது மாடித் தரை லேசாக அதிரும். போர்டின் மேலிருக்கும் காயின்கள் யாரும் தொடாமலே ஒரு நூலளவு நகரும். புதிதாக ஆட வருபவர்கள் திகைத்துப் பார்ப்பார்கள். பழையவர்கள் அந்த நகர்வையும் சேர்த்தே குறி பார்ப்பார்கள்.

ஜெயவேல் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே வந்துவிடுவார். ஆனால் கேரம் ஆட அல்ல. அவர் கார்டு சேர்ப்பவர். பிள்ளைகள் வைத்து விளையாடும் படக் கார்டுகள்தான்: பந்து வீசுபவர்கள், மல்யுத்தக்காரர்கள், ஜப்பானில் அச்சான அரக்கர்கள். அவற்றைச் சேர்க்கும் வளர்ந்த ஆண்கள் வடசென்னையில் பலர் உண்டு. வெல்டிங் பட்டறையிலிருந்தும், உரக் கம்பெனி ஷிப்டிலிருந்தும், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டும் வருவார்கள். மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் லோகநாதன் அவர்களுக்கென்று கடைசி போர்டை ஒதுக்கிக் கொடுத்திருந்தார். அவரும் சேர்ப்பவர்தான், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

ஜெயவேலுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் பெரிய வண்டியை ஓட்டுகிறார். உயரத்தில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் கூண்டிலிருந்து பார்த்தால் பெட்டிகளுக்கு அப்பால் கடல் ஒரு சாம்பல் கோடாகத் தெரியும். எந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்று காதில் மாட்டிய கருவியில் ஒரு குரல் சொல்லும். அவர் வைப்பார். இத்தனை வருடங்களில் எதைப் பற்றியும் "நீ என்ன நினைக்கிறாய்" என்று அங்கே அவரை யாரும் கேட்டதில்லை. அது ஒரு குறை என்றுகூட அவருக்குத் தோன்றியதில்லை, ஒரு இடத்தில் கேட்கப்படும் வரை.

அவரிடம் ஒரு திமிங்கலக் கார்டு இருந்தது. பர்மா பஜாரில் ஒரு கட்டு பழைய கார்டுகளுக்கு நடுவில் கிடைத்தது. முதுகில் விளக்கைச் சுமந்துகொண்டு இருட்டான நீரில் போகும் திமிங்கலம். நீர் முழுக்க நீல மினுக்குத் தாள். கார்டைச் சற்றுச் சாய்த்தால் வெளிச்சம் அந்த நீரில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்து போகும். இப்படிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து ஒரு மாலை முழுவதையும் அவர் கழித்திருக்கிறார். மனைவி செங்கொடி சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னாய்யா, மீனு கரையேறிச்சா?" என்று கேட்டது காதில் விழாமல்.

தெற்கிலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் ஸ்டேஷனரி மொத்தக் கடை வைத்திருக்கும் அபின்தான் அந்த யோசனையைச் சொன்னான். அமெரிக்காவில் கார்டுகளுக்கு மார்க் போடும் கம்பெனி இருக்கிறது. அனுப்பினால் நாலு மூலை, நாலு ஓரம், மேற்பரப்பு, படம் சரியாக நடுவில் விழுந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று போட்டு, திறக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். ஜெயவேல் திமிங்கலத்தைக் கொடுத்து அனுப்பினார். மழைக்காலம் வந்து போனது. பிறகு ஒரு ஞாயிறு அபின் படியேறி வந்தான்.

"அண்ணே, பார்சல் வந்துட்டு. நீங்க மொதல்ல தண்ணி குடிங்க."

"இன்னாடா, எழவு வூட்டுக்கு வந்தா மாரி பேசற?"

"அஞ்சு போட்டிருக்கான்."

பக்கத்து போர்டில் ஆடிக்கொண்டிருந்த வல்லரசு ஸ்ட்ரைக்கரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். வியாசர்பாடிக்காரர். மணலியில் டேங்கர் லாரிகளுக்கு வெல்டிங் வேலை செய்பவர். ஜெயவேலுக்குப் பழைய தோஸ்து. "அஞ்சா? திமிங்கலத்துக்கா? அவன் இன்னா கண்ண மூடிக்கினு பாத்தானா?"

ஜெயவேல் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலைகள் இருந்தன. ஓரங்கள் இருந்தன. திமிங்கலம் போய்க்கொண்டிருந்தது. "சரி, அஞ்சுன்னே வெச்சிக்க. அது இதுல எங்க கீது?" என்று கேட்டார்.

ஒரு வாரம் யோசித்துவிட்டு, யார்டு பட்டறையில் கட்டிங் பிளேயரை வாங்கி அந்தப் பெட்டியை ஓரம் ஓரமாக உடைத்துக் கார்டை வெளியே எடுத்தார். இந்த முறை லோகநாதன் பெயரில் அதே கார்டு, அதே கம்பெனிக்குப் போனது. வெயில் காலத்தில் திரும்பி வந்தது. ஒன்பது.

"மாமு, ஒம்போது! பிரியாணி எட்றா!" என்று லோகநாதன் கத்தினார்.

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்கா? ஒம்போது மாமு!"

"அதே கார்டு. நான் அதும்மேல ஒரு மூச்சுகூட வுடல. அப்பால இந்த நாலு எங்கேர்ந்து வந்துச்சு?" ஜெயவேலின் முகம் சுருங்கிக் கிடந்தது. "அஞ்சு போட்டவன்மேலகூட எனுக்குக் கோவம் இல்ல லோகு. அவனாவது எதையோ பாத்தான். இவன் பாக்கவே இல்ல."

"வந்தத வாங்கிக்கினு போவாம ஏன் நைனா பேஜாரு பண்ற?" என்றார் வல்லரசு. பிறகு அவரே எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "தோ பார், தன் கார்டுக்கு ஒம்போது வந்ததுக்கு அழுவுற ஆளு. இந்த ஊருல வேற எவன் கீறான்? அமெரிக்காவும் வாணாம், ஒண்ணியும் வாணாம். இனிமே இவன் போடட்டும் மார்க்கு."

விளையாட்டாகச் சொன்னதுதான். அடுத்த வாரமே ஒருவர் உண்மையாகக் கார்டை நீட்டினார்.

மார்க்கை எப்படிப் போடுவது என்ற பேச்சு வந்தபோது லோகநாதன் காகிதம் வேண்டாம் என்றுவிட்டார். எழுதினால் கோர்ட்டு மாதிரி ஆகிவிடும், காயினில் போடு என்றார். வெள்ளைக் காயின் ஒன்பது, சிவப்பு ஒன்று, ஆகப் பத்து. அந்தச் சிவப்பை ஜெயவேல் ஒரு முறையும் எடுத்ததில்லை.

அதற்கென்று ஒரு முறை தானாக உருவானது. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுவார், விரலில் கேரம் பவுடர் ஒட்டியிருந்தால் கார்டில் படியும் என்பதற்காக. நன்றாகத் துடைத்துக்கொள்வார். போர்டுக்கு மேலே தொங்கும் விளக்கைத் தாழ்த்துவார். கறுப்புத் துணியில் கார்டை வைத்துவிட்டு, கீழே ஐஸ் எந்திரம் நிற்கும்வரை காத்திருப்பார். தரை அடங்கிய பிறகுதான் குனிவார். அந்த நேரத்தில் பக்கத்து போர்டுகளிலும் யாரும் ஸ்ட்ரைக்கரைச் சுண்ட மாட்டார்கள். பிறகு காயின்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைப்பார். ஆறாவது காயினுக்குப் பிறகு அவர் கை டப்பாவுக்குள் மெதுவாகப் போகும். போன கை காயினோடு வருமா, வெறுமனே வருமா என்று அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எவ்வளவு போட்டாலும் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அவர் போட்ட மார்க்கை வைத்தே கார்டுகள் கைமாறின. எண்ணூரிலிருந்து ரயில் பிடித்து வந்தார்கள். கம்பெனி அடைத்து அனுப்பிய பெட்டியை உடைத்துக் கார்டை எடுத்து வந்து அவர் முன் வைத்தவர்களும் உண்டு.

ஜெயவேல் அந்த நாட்களில் கொஞ்சம் தரைக்கு மேலேதான் நடந்தார். யார்டில் வண்டிக் கூண்டில் உட்கார்ந்திருக்கும்போது கண்டெய்னர்களே பெரிய கார்டுகளாகத் தெரிந்தன. மூலையில் துரு பிடித்த சிவப்புப் பெட்டிக்கு நாலு. வயிற்றில் இடி வாங்கிய பச்சைக்கு மூன்று. கழுவி வந்த நீலப் பெட்டி ஒன்று மதிய வெயிலில் மெதுவாக உயரும்போது, அதை எங்கே வைப்பது என்ற குரல் காதில் கேட்டுக்கொண்டே இருக்க, அவர் எட்டா, எட்டரையா என்று யோசித்துக்கொண்டிருப்பார். அமெரிக்காவில் திமிங்கலத்துக்கு மார்க் போட்ட, அவர் பார்த்தேயிராத இருவரும் சில சமயம் அந்தக் கூண்டுக்குள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். ஐந்து போட்டவர் ஒல்லி, நரைத்த புருவம், சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவர். ஒன்பது போட்டவர் சின்ன வயது, கார்டை விட்டுச் சன்னலைப் பார்க்கிற ஆள். இருவரையும் அவர் திட்டித் தீர்ப்பார்.

வல்லரசின் நண்டுக் கார்டு வந்தது அப்போதுதான். ஒற்றைக் கண் நண்டு அரக்கன், திமிங்கலத்தின் வரிசையைச் சேர்ந்தது. எண்ணூர்க்காரர் ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டு, பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்த வேறொரு கார்டை வாங்கிக்கொள்ளப் பேசி வைத்திருந்தார். ஏழு வந்தால் போதும், கைமாற்றிக்கொள்ளலாம் என்றார் எண்ணூர்க்காரர். வல்லரசு உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்துக்கொண்டு, "நம்ம ஆளுதான், பாரு எட்டு வெப்பான்" என்றார்.

ஜெயவேல் நாலு காயின் வைத்தார். ஐந்தாவதை எடுக்கப் போன கை வெறுமனே திரும்பியது.

எண்ணூர்க்காரர் தன் கார்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். வல்லரசு நண்டைத் துணியிலிருந்து எடுத்துக்கொண்டார். மறுவாரமும் வந்தார், கேரம் ஆடினார், ஜெயவேலைப் பார்த்து "இன்னா மாமு" என்றார். முன்பு அந்த இரண்டு சொல்லோடு ஒரு முதுகுத் தட்டும் சேர்ந்து வரும். அது மட்டும் இல்லை.

சில வாரம் கழித்து அபின் நாலு கார்டுகளைக் கொண்டுவந்து நீட்டினான். முதல் மூன்றும் நைந்தவை. கடைசியாக ஒரு நண்டு. "கடைக்கு வந்த ஒருத்தர் குடுத்தாருண்ணே" என்றான். ஜெயவேல் குனிந்து பார்த்தார். கண்ணுக்கு இதமாக இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு. கை மறுபடி டப்பாவுக்குள் போய் எட்டாவது காயினோடு வந்தது.

முதுகைக் காட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்த வல்லரசு திரும்பினார். "எட்டா? நல்லா பாத்தியா மாமு?"

"பாத்தேனே."

"அபினு, நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

அபின் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "மன்னிச்சிருங்கண்ணே. இது அவுக கார்டுதான். அன்னைக்கு நீங்க நாலு போட்டது."

கீழே எந்திரம் ஓடத் தொடங்கியது. வரிசையாக இருந்த எட்டுக் காயின்களும் மெல்ல நடுங்கின. ஜெயவேல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். "அடுத்த ஞாயித்துக்கெயம சொல்றேன்" என்றார். என்ன சொல்லப் போகிறார் என்று அவருக்கே தெரியாது.

வீட்டில் அவர் சொல்லி முடிக்கும்வரை செங்கொடி கேட்டுக்கொண்டிருந்தார். தண்டையார்பேட்டையில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருப்பவர். நாள் முழுக்கச் சட்டைகளைப் புரட்டிப் பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று ஒதுக்குவது அவர் வேலை.

"இவ்ளோதானா? காத்தால நான் ரிஜெக்ட்டுல தூக்கிப் போட்ட சட்டைய டீ குடிச்சிட்டு வந்து நானே பாஸ் பண்ணிக்கீறேன். சூப்பர்வைசரு வேணும்னே மாத்தி வெச்சிட்டு இளிச்சிக்கினு நின்னான்."

"அப்பால நீ இன்னா பண்ண?"

"இன்னா பண்றது? அடுத்த சட்டைய எடுத்தேன்." அவர் கணவரை ஒரு கணம் பார்த்தார். "உனுக்கு மார்க்கு தப்பாப் பூட்ச்சேன்னு வலிக்கல. அந்த லைட்டுக்குக் கீழ இனிமே நம்மள குந்த வுட மாட்டாங்களேன்னு வலிக்குது. குந்தணுமா? நாலு தப்பு, எட்டுதான் ரைட்டுன்னு சொல்லிட்டுப் போ. வல்லரசும் சிரிச்சிக்கினு போவான். ஜட்ஜய்யாவுக்கு நாற்காலியும் பத்திரமா கீது."

சரியான யோசனைதான். அப்படிச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. எண்ணூர்க்காரரையும் திரும்பக் கூப்பிடலாம். ஜெயவேல் அதை மனதில் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் அந்த வாரம் அவருடைய எண்ணம் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. நாலு போட்ட அன்று நண்டுக்கு முன்னால் வந்த கார்டு, வெட்டி எடுத்தது போல அப்பழுக்கில்லாமல் இருந்தது. எட்டு போட்ட அன்று முன்னால் வந்தவை மூன்றும் நைந்தவை. முதல் தடவை வல்லரசு சிரித்துக்கொண்டே "பாரு எட்டு வெப்பான்" என்றது காதில் எங்கோ குத்தியிருக்கிறது. அபினோ இரண்டு கையாலும் நீட்டினான். இதில் எதுவும் கார்டின் மேல் இல்லை. ஆனால் எல்லாம் அவர் பார்வைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. பார்க்கிறோம் என்று நாம் சொல்வதில் கண்ணுக்குச் சேர்வது எவ்வளவு, காதுக்கும் வயிற்றுக்கும் சேர்வது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட யாராலும் முடிந்ததில்லை. ஜெயவேல் இந்தக் கேள்வியை இப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் திமிங்கலத்தை எடுத்துக்கொண்டு விடிவதற்குள் மொட்டை மாடிக்குப் போனார்.

மணலிப் பக்கம் எண்ணெய் ஆலைப் புகைபோக்கியின் தீ இன்னும் மங்காமல் இருந்தது. அந்தச் செம்மை மினுக்குத் தாளில் விழுந்து, திமிங்கலம் ஏதோ ஒரு வெதுவெதுப்பான ஆழத்தில் நீந்தியது. கீறல் ஒன்றுமில்லை. யார் பார்த்தாலும் ஒன்பது. வானம் வெளுத்தது. கார்டு வெளிறி, ஒரு படம் அச்சிட்ட அட்டையாகிவிட்டது. ஏழு இருக்கலாம். சூரியன் கூரைகளுக்கு மேல் வந்து சாய்வாக அடித்தபோது நீல நீர் முழுவதும் முடி போன்ற மெல்லிய கோடுகள் எழுந்து வந்தன, இத்தனை வருடம் அங்கேயே இருந்து இப்போதுதான் கண் திறந்தவை போல. இடது மேல் மூலையில் ஒரு வெண்மை. ஐந்துதான். ஐந்துக்கு மேல் ஒன்றுமில்லை.

அன்று வண்டிக் கூண்டில் ஒல்லி மனிதரும் சின்ன வயதுக்காரரும் வந்து உட்கார்ந்தபோது அவர் திட்டவில்லை. மூவரும் சேர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் நிற்க இடமில்லை. வல்லரசு நண்டைக் கறுப்புத் துணியில் வைத்தார். "சொல்லு மாமு. நாலா, எட்டா? ஒண்ணு சொல்லு, முடிச்சிக்கலாம்."

ஜெயவேல் கை கழுவினார். விளக்கைத் தாழ்த்தினார். எந்திரம் நிற்கும்வரை காத்திருந்தார். எட்டு என்று சொல்லத்தான் வந்திருந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு காயின்களை வைக்கத் தொடங்கினார். நாலைத் தாண்டியதும் வல்லரசின் முகம் மலர்ந்தது. ஆறாவதோடு ஜெயவேலின் கை நின்றுவிட்டது.

"ஆறு" என்றார்.

லோகநாதன்தான் முதலில் சிரித்தார். பிறகு மன்றமே சிரித்தது. சன்னல் திட்டில் உட்கார்ந்திருந்தவர் சிரிப்பில் கீழே நழுவினார்.

"யோவ், இன்னா வெள்ளாடறியா?" வல்லரசு சிரிக்கவில்லை. "வாரத்துக்கு ஒரு மார்க்கா? இதுக்கு அந்த அமெரிக்காக்காரனே தேவல!"

"வெள்ளாடல வல்லரசு. அன்னிக்கு நாலு தெரிஞ்சிது. அப்பால எட்டு தெரிஞ்சிது. இன்னிக்கு ஆறுதான் தெரியுது. எட்டுன்னு சொல்லிட்டுப் பூடலாம்னுதான் வந்தேன். வாயி வரல."

"அப்ப நீ எதுக்கு இங்க?"

"அதத்தான் நானும் வாரம் பூரா கேட்டுக்கினு கீறேன்." ஜெயவேல் பெஞ்சிலிருந்து எழுந்தார். "நீ குந்து."

"குந்த மாட்டேன்னு நெனைக்கிறியா? எனுக்கு இன்னா கண்ணு இல்லியா?" வல்லரசு நண்டை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு விளக்குக்குக் கீழே உட்கார்ந்தார். "யாரு அடுத்து? கொண்டா."

எண்ணூரிலிருந்து மாசானம் என்பவர் முதல் முறையாக வந்திருந்தார். தென்மாவட்டத்துக்காரர், எண்ணூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். நடந்தது பாதி புரியாமல் தன் பந்து வீச்சாளர் கார்டைத் துணியில் வைத்தார். ஜெயவேல் கூட்டத்தோடு சுவர் ஓரமாக நின்றார். விளக்கு வெளிச்சம் அங்கே வரவில்லை. அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது மற்றவர்களின் பின்னந்தலைகள்தான் தெரியும் என்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

வல்லரசு குனிந்தார். மளமளவென்று மூன்று காயின் வைத்தார். நாலாவதை வைத்தார். ஐந்தாவதை வைத்துவிட்டு எடுத்தார். மறுபடி வைத்தார். கார்டைச் சாய்த்துப் பார்த்தார். டப்பாவுக்குள் போன கை வெளியே வரவில்லை. இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"மாமு" என்றார் வல்லரசு, தலை நிமிராமல். "இந்த மூலைல கீறது வெள்ளையா, லைட்டு அடிக்குதா?"

ஜெயவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இங்கேர்ந்து எனுக்கும் தெரில. கொஞ்சம் தள்ளு."

வல்லரசு தள்ளி உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சு ஒருவருக்கானது. இருவரும் ஆளுக்குப் பாதியாக ஒட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்ட, கார்டை அப்படியும் இப்படியும் திருப்பினார்கள். "அது வெள்ளதான்பா." "வெள்ள இல்ல, நெயலு." "உன் கைய எடு, அப்பத்தான் தெரியும்." "நீ மொதல்ல மூச்ச அடக்கு."

"அண்ணாச்சி, எனக்கு டிரெயினு இருக்கு" என்றார் மாசானம்.

"ஏழு" என்றார் ஜெயவேல். அதே நேரத்தில் வல்லரசு "அஞ்சு" என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் மாற்றிக்கொள்ளவில்லை.

மாசானம் காயின்களையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இதுல நான் எத எடுத்துக்கிடது?"

"ரெண்டையும் எட்துக்கினு போ நைனா" என்றார் லோகநாதன், பவுடர் டப்பாவை மூடிக்கொண்டே. "அமெரிக்காவுல ஒண்ணு குடுக்கவே அவன் காசு வாங்கறான்."